முழுப் பையையும் கொட்டச் சொன்னவ

அவ யாருக்கும் வணக்கம் சொல்லி நான் கேட்டதில்லை. மருந்துக் கடைக்குள் கால் வைத்ததும் அவ வாயிலிருந்து வரும் முதல் பேச்சு, "முழுப் பையையும் கொட்டுங்க" என்பதுதான்.

எனக்கு வேண்டியது ரெண்டு குளிசை, அதற்கு எதற்குப் பை என்று கேட்டால் முகத்தைப் பார்க்கமாட்டா. கண்ணாடி மேசையில் விரலால் ரெண்டு தரம் தட்டுவா. கிளினிக் கொப்பி, டொக்டர் மருந்து எழுதிய துண்டு, பாதி முடிந்த குளிசைக் காட் அட்டைகள், நாட்டு வைத்தியரின் எண்ணெய்ப் போத்தல், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த தைலம், எல்லாம் மேசையில் விழும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பா. வாசித்து முடியுமுன் கோபம் ஏறத் தொடங்கும். எந்தப் பையிலும் அவ கோபப்படுவதற்கு ஏதாவது ஒன்று இருந்தது.

சனங்கள் அந்தக் கடைக்குப் "பொலிஸ் பாமசி" என்று பேர் வைத்திருந்தார்கள். அவவை எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுவோம். காத்தான்குடியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, மட்டக்களப்பு நகரில் வாவிப் பக்கம் திரும்புகிற ஒழுங்கை மூலையில் இருந்த கடையைத் திறப்பா. முதலாளி வேறு ஆள். இவ முறையாகப் படித்துப் பதிவு எடுத்த மருந்தாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பு அபாயாவுக்கு மேலே வெள்ளைக் கோட், கோட் பையில் மூன்று பேனை. மத்தியானத்துக்குக் கொண்டுவந்த சோற்றுப் பார்சல் பின்னேரம் நாலு மணிக்கும் அவிழ்க்காமல் மருந்துத் தட்டில் கிடக்கும்.

ஒருநாள் எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் நின்றார். மனமில்லாமல்தான் பையைக் கொட்டினார். அவ அதிலிருந்து ரெண்டு காட்டைத் தூக்கிப் பிடித்தா.

"இது எங்க எடுத்தது?"

"கவண்மேந்து கிளினிக்கில."

"இது?"

"காசு கட்டிச் சனல் பண்ணின டொக்டர் எழுதினது. அது வேற, இது வேற. பேரைப் பாருங்க மிஸ்."

"பேர் வேற. உள்ளுக்குள்ள சரக்கு ஒண்டுதான். ரெண்டும் ஒரே கொழுப்புக் குளிசை. ராவைக்கு ரெண்டையும் போடுறீங்களா?"

"ஓம். ரெண்டு டொக்டரும் போடச் சொன்னாங்க."

"ஒருத்தர் தந்ததை மற்றவருக்குக் காட்டினீங்களா?"

அதிபர் காட்டுகளைத் திரும்பப் பைக்குள் போடப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்தில ஒரே புள்ளைக்கு இடாப்பில ரெண்டு தரம் வரவு போடுவீங்களா சேர்? பேசுங்க! போடுவீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிபரின் காது சிவந்துவிட்டது. அவ சிரிக்கவில்லை. அந்த இடத்திலேயே டொக்டருக்குப் போன் எடுத்தா. டொக்டர்மாரோடும் அதே குரல்தான். "சேர், உங்கட துண்டில உள்ளது எனக்கு விளங்குது. நீங்க ஏன் இதை எழுதினீங்க எண்டுதான் விளங்கல்ல." சிலர் நன்றி சொல்வார்கள். பலர் வைத்துவிடுவார்கள். வைத்தால் திரும்ப எடுப்பா.

வீட்டில் யாருக்கோ மருந்து மாறிச் செத்திருக்க வேண்டும், அதுதான் இவ இப்படி என்று சனங்கள் கதைப்பார்கள். ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் பெண் ஒருத்தி, அவவை அக்கா முறையில் தாத்தா என்று கூப்பிடுகிறவள், ஒருநாள் நேரே கேட்டுவிட்டாள். "உங்கட வீட்டிலயும் ஆருக்கும் இப்பிடி நடந்து மௌத்தாகினதா தாத்தா?"

அவ எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினா. "ஆரும் மௌத்தாகல்ல. வாப்பா உம்மா எல்லாம் நல்லா இரிக்காங்க. ஆராவது செத்தாத்தானா கேக்கணும்?"

சொல்லிவிட்டுத் திரும்ப எழுதத் தொடங்கினா.

நாங்கள் சித்தாண்டி ஆட்கள். அம்மா போனபிறகு அப்பாவும் நானும்தான் வீட்டில். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகக் கம்பஸில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். அப்பா வயல் செய்தவர். பேச்சு மெல்லப் பேசுவார், ஆனால் தன் மரியாதையில் சரியான பிடிப்பு. இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ராவைக்கு ஒரு கொழுப்புக் குளிசை போட்டுவந்தார். இரத்தத்துக் கொழுப்பைக் குறைக்கிறது, அட்டோவஸ்டட்டின் என்று அதற்குப் பேர். ரெண்டு வருசம் கழித்து, வயல் வட்டைக்குப் போகிற வழியில் உழவு மெசினின் இழுவைப் பெட்டியிலிருந்து விழுந்து இடுப்பில், நாரி எலும்பில் வெடிப்பு வந்தது. பனடோலுக்கு நோவு அடங்கவில்லை. எலும்பு டொக்டர் ட்ரமடோல் எழுதினார்.

கத்தாரில் இருக்கிற என் அண்ணன் அதைக் கேள்விப்பட்டு அப்பாவுக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். "அப்பா, அது அபின் சாதி மருந்து. கொழுப்புக் குளிசையோட சேர்த்துப் போட்டா ஆபத்தாம். போனில வாசிச்சன்." அப்பா ரெண்டையும் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். நாரி இப்போதே நோகிறது, கொழுப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. கொழுப்புக் குளிசையை நிறுத்திவிட்டார். என்னிடமும் சொல்லவில்லை.

ட்ரமடோல் எடுக்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் பாமசிக்குப் போனது அப்படியான ஒரு நாளில்தான். பை கொட்டப்பட்டது. அவ கிளினிக் கொப்பியில் திகதியைப் பார்த்தா. காட்டில் மிச்சமிருந்த குளிசைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் போனா.

"இதில இருபது நாள் குளிசை மிச்சம் கிடக்கு. ஏன் ஐயா?"

அப்பா அண்ணனின் கதையைச் சொன்னார். அவ முழுக்கக் கேட்டா. கேட்டு முடித்ததும் வெடித்தா.

"நெஞ்சுக்குள்ள கம்பி வெச்ச மனிசன் கொழுப்புக் குளிசையை நிப்பாட்டிப்போட்டு வந்து நிக்கிறார்! கத்தாரில இரிக்கிறவரா உங்கட டொக்டர்? நிப்பாட்ட முதல் ஒரு வார்த்தை ஆரிட்டயாவது கேட்டீங்களா?"

கடைக்குள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு உடம்பு கொதித்தது. அவவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. ட்ரமடோல் காட்டை ஒரு கையிலும் மற்றதை மறு கையிலும் பிடித்துக்கொண்டு சொன்னா.

"கேளுங்க ஐயா. இந்த ரெண்டையும் சேர்த்துப் போடலாம். ஒண்டோட ஒண்டு முட்டாது. ஆனா கண்ணை மூடிக்கிட்டுப் போட ஏலா. இந்த நோக் குளிசைக்குத் தூக்கம் வரும், மலம் இறுகும். மெசின் ஓட்டாதீங்க. சாராயம் தொடக்கூடாது. தூக்கக் குளிசை ஆரும் தந்தா என்னைக் கேக்காமப் போடாதீங்க. நோ கூடுது எண்டு அளவுக்கு மேல ஒண்டும் எடுக்காதீங்க. இனி மற்றது. கொழுப்புக் குளிசை ஒருசில பேருக்குத் தசையைக் கெடுக்கும். எல்லாருக்கும் இல்ல, ஒருசில பேருக்கு. கெட்டா ரெண்டு தொடை, தோள் எல்லாம் நோகும், பெலம் போகும். நொந்தாத்தான் நமக்குத் தெரியும். நீங்க நோக் குளிசை போட்டுக்கிட்டு இரிக்கிற ஆள். அந்த நோ உங்களுக்குத் தெரியாமலே போகலாம். அதால மூத்திரத்தைப் பாருங்க. நிறம் கறுத்தா அண்டைக்கே ஆசுபத்திரி. மறுகா, புது மருந்து ஆர் எழுதினாலும், சளிக்கு எண்டாலும், இந்தப் பையோட இஞ்ச வாங்க. சில கிருமி மருந்து கொழுப்புக் குளிசையை உடம்பில தேங்க வெச்சிரும். விளங்கினதா? திருப்பிச் சொல்லுங்க."

அப்பா சொன்னார். தூக்கம், மெசின், சாராயம், தொடை, தோள். அங்கே நின்றுவிட்டார்.

"என்னத்தைப் பாக்கணும் ஐயா?"

பெண்கள் நின்ற இடத்தில் அப்பாவுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"சொல்லுங்க. என்னத்தைப் பாக்கணும்?"

"மூத்திரம்," என்றார் அப்பா, மூச்சு மாதிரி.

"கேக்கல்ல!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா இன்னொரு தரம் சொல்லிவிட்டு, குளிசையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். பஸ் ஏறியபிறகு, "இனி நான் அந்தக் கடைப்படி மிதிக்கமாட்டன் மகள்" என்றார்.

"மிதிக்கத் தேவையில்ல அப்பா. மனிசரை மதிக்கத் தெரியாத பொம்புள," என்றேன் நான். இதைச் சொன்னது நான்தான். மறைக்கப்போவதில்லை.

ஆனாலும் அன்று ராத்திரி அப்பா கொழுப்புக் குளிசையைத் திரும்பத் தொடங்கினார். ட்ரமடோலையும் அளவோடு போட்டார். மாசக்கணக்காக ஒரு கரைச்சலும் இருக்கவில்லை.

அடுத்த மாரியில் அப்பாவுக்குக் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் வந்தது. வயல் எல்லாம் வெள்ளம். பின்னேரத்தில் சனல் பார்க்கும் பேர்பெற்ற ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே கதிரை போதாமல் சனம் சுவரோடு நின்றது. எங்கள் முறை வந்தது. டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார், எழுதத் தொடங்கினார். மருந்துப் பை என் மடியில்தான் இருந்தது.

"சேர், அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சது. கொழுப்புக் குளிசை போடுறவர், நோவுக்கும்..." என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் தொடர்ந்து போடுங்க," என்று மணியை அமத்தினார். அடுத்த ஆள் உள்ளே வந்து எங்கள் பக்கத்தில் நின்றுவிட்டார். நான் எழும்பினேன். இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். பையை அவர் மேசையில் கொட்டியிருக்கலாம். "வாறம் சேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த "வாறம் சேர்" இப்போதும் என் காதில் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே அருவருப்பு.

மருந்தை வேறு கடையில் எடுத்தோம். அங்கே சுவரில் மருந்தாளரின் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கியது. அந்தச் சான்றிதழுக்கு உரிய ஆள் கொழும்புப் பக்கம் இருக்கிறார், கடைக்கு வந்ததே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மேசைக்குப் பின்னால் நின்ற பிள்ளை துண்டை வாங்கி, மூன்று நிமிசத்தில் பொட்டலம் கட்டித் தந்தது. ஒரு கேள்வி இல்லை. எங்களுக்கு அது பிடித்திருந்தது.

ஏழு நாளுக்குக் கிருமி மருந்து. க்ளரித்ரோமைசின். நாலாம் நாள் சளி வெட்டிக் குறைந்தது, டொக்டர் கெட்டிக்காரர் என்று பக்கத்து வீட்டுக்கும் சொன்னேன். ஐந்தாம் நாள் அப்பாவுக்குக் கதிரையிலிருந்து எழும்பக் கஷ்டமாக இருந்தது. "காலெல்லாம் ஈயம் மாதிரிக் கிடக்கு புள்ள," என்றார். காய்ச்சல் விட்ட அசதி என்றேன். அவர் அந்த நோவுக்குத் தானாகவே ட்ரமடோலைக் கூட்டிப் போட்டிருக்கிறார். பகலிலும் நித்திரை. நித்திரை கொண்டால் நல்லதுதானே என்று நானும் விட்டேன்.

ஆறாம் நாள் ட்ரமடோல் முடிந்துவிட்டது. முடியக்கூடிய நாளில்லை, அதையும் நான் யோசிக்கவில்லை. எலும்பு டொக்டரின் துண்டையும் பையையும் எடுத்துக்கொண்டு கம்பஸிலிருந்து நேரே நகருக்கு பஸ் ஏறினேன். சான்றிதழ் தொங்கிய அந்தக் கடையில் ட்ரமடோல் இல்லை. இன்னொரு கடையிலும் இல்லை. வேறு வழியில்லாமல் பொலிஸ் பாமசிக்குப் போனேன்.

"முழுப் பையையும் கொட்டுங்க."

கொட்டினேன். இண்டைக்கும் ஏதும் கத்தினால் நானும் கத்துவது என்று ஆயத்தமாகத்தான் நின்றேன். அவ கிருமி மருந்துக் காட்டை எடுத்தா. அதில் மிச்சம் கிடந்ததைப் பார்த்தா. கொழுப்புக் குளிசைக் காட்டைப் பார்த்தா. அதுவும் ஒழுங்காகக் குறைந்து வந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினா.

கத்தவில்லை. அவவின் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"எத்தின நாளாக் குடுக்கிறீங்க?"

"ஆறு நாள்."

"அப்பாக்குக் கால் நோகுதா?"

"ஓம் மிஸ். எழும்ப ஏலாம இரிக்காரு. காய்ச்சல் அசதி..."

"மூத்திரம் என்ன நிறம்?"

"தெரியா மிஸ்."

"போனைப் போட்டுக் கேளுங்க. இப்ப."

கடை நிறையச் சனம். நான் தயங்கினேன். அவ என் போனைக் காட்டி மேசையில் தட்டினா. அப்பா மணி அடித்து நெடுநேரம் கழித்து எடுத்தார். நாக்குத் தடித்த பேச்சு. நான் கேட்டேன். "இதெல்லாம் ஏன் மகள் கேக்கிற," என்றார். திரும்பக் கேட்டேன்.

"சாயத் தண்ணி மாதிரி, வெறுந் தேத்தண்ணி நிறத்தில போகுது. முந்தநாளிலிருந்து. உனக்கிட்ட எப்பிடிச் சொல்ற எண்டு விட்டுட்டன்."

அவவுக்குச் சொன்னேன். அவ ஒரு வெள்ளைத் தாளை இழுத்து மூன்று மருந்தின் பேரையும், அளவையும், தொடங்கிய நாளையும் எழுதினா. கீழே, தசை உடைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம், இரத்தம் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தா.

"வீட்டில ஆர் இரிக்கா?"

"ஆருமில்ல."

"பக்கத்து வீட்டுக்குப் போனைப் போட்டு ஆட்டோவில ஏத்திவிடச் சொல்லுங்க. நீங்க ஆசுபத்திரி வாசல்ல நில்லுங்க. இதில ஒரு குளிசையும் இனி அவர்ர வாயில போகக்கூடாது, அவங்க பாத்துச் சொல்லும் மட்டும். காச்சல் எண்டு சொல்லி வரிசையில இரிக்காதீங்க. இந்தத் தாளைக் காட்டுங்க. காட்டினா வாசிக்க வையுங்க. வாசிக்காட்டி அங்கயே நிண்டு கத்துங்க. கத்துவீங்களா?"

"ஓம் மிஸ்."

"போங்க."

கத்தத் தேவையிருக்கவில்லை. வார்ட்டில் இருந்த இளம் டொக்டர் பிள்ளை தாளை ரெண்டு தரம் வாசித்தது. இரத்தம் எடுத்தார்கள். முடிவு நம்ப முடியாத அளவில் இருந்ததால் திரும்பவும் எடுத்தார்கள். கிருமி மருந்து கொழுப்புக் குளிசையை உடம்பில் ஏற்றி வைத்திருக்கிறது. ட்ரமடோலும் அதனால் கூடியிருக்கலாம், அப்பா தானாகவும் கூட்டியிருக்கிறார். தசை உடைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருந்தபோது அப்பா நோ தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தார். சேலைன் ஏற்றினார்கள். மூன்று தரம் மெசினில் இரத்தம் சுத்திகரித்தார்கள். அப்பா பிழைத்தார். சிறுநீரகம் முழுசாகத் திரும்பி வரவில்லை. உப்பு, தண்ணீர் எல்லாம் அளவு. வட்டைக்குப் போவதில்லை, வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம்.

இதுவரை நடந்ததில் கோபப்பட எனக்கு ஆள் இருக்கிறது. இனி நடந்ததில் அந்த ஆள் நான்.

அவ அந்தச் சனல் டொக்டருக்குப் போன் எடுத்திருக்கிறா. எடுப்பா என்று தெரியாதா? மூன்று மருந்தையும் சொல்லி, "நீங்க கேக்காம எழுதிட்டீங்க சேர், இனி ஆருக்கும் எழுத முதல் கேளுங்க" என்று சொன்னாவாம். அவர், "நீ குளிசை விக்கிறவள்" என்றாராம். "ஓம் சேர். நீங்க எழுதினதை வாசிச்சுத்தான் விக்கிறன்" என்று இவ சொன்னா. அதோடு முடிந்தது. அவரிடம் போகிற நோயாளிகள் அந்தக் கடைக்கு வருவது நின்றது. அப்பா வயல்காரர், அது எலிக்காய்ச்சல், அதனால்தான் சிறுநீரகம் போனது, மருந்துக் கடைக்காரி கதை கட்டுகிறாள் என்று ஊரில் பேச்சு வந்தது. எலிக்காய்ச்சல் இல்லை என்று இரத்தம் பார்த்து எழுதிய ஆசுபத்திரி அட்டை எங்கள் வீட்டு அலுமாரியில் கிடந்தது.

அவ எனக்குப் போன் எடுத்தா. "தங்கச்சி, அந்த அட்டையின்ர பிரதியும் நடந்ததை எழுதின ஒரு கடிதமும் வேணும். முதலாளிக்கும் சுகாதாரப் பகுதிக்கும். நான் சொன்னா என்ர வாய் எண்டு விட்டுருவாங்க. நீங்க எழுதினா விட ஏலா."

"பாப்பம் மிஸ்," என்றேன்.

அம்மாவின் தம்பியான மாமா வேண்டாம் என்றார். டொக்டர்மாரோடு பகைத்தால் நாளைக்கு அப்பாவை யார் பார்ப்பது என்றார். அப்பாவும் பேசாமல் இருந்தார். நான் கம்பஸில் நாள் முழுக்கக் கடிதம் எழுதுகிறவள். ஒரு நாளைக்கு இருபது கடிதம் என் கையால் போகும். அந்த ஒரு கடிதம் போகவில்லை. அவ ரெண்டாம் தரம் எடுத்தபோது நான் போனைத் தூக்கவில்லை.

ரெண்டு வாரத்தில் அவவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் அடுத்த மாசம் அந்தக் கடைக்குப் போனபோது புது ஆள் நின்றது. என் கையில் இருந்த பையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மனிசர் என்னிடம், "இப்ப சுறுக்கா வேலை முடியுது, முந்தி இஞ்ச ஒரு பொம்புள நிண்டு உயிரை எடுத்தது" என்றார். நான் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன சித்திரைக்கு அப்பாவுக்குச் சாரம் எடுக்கக் காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்குள் போனேன். உள்ளே துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு நின்றது அவதான். எனக்குத் திரும்பி ஓட வேண்டும் போல இருந்தது. அவ கண்டுவிட்டா.

"அப்பா எப்பிடி?"

"இரிக்காரு மிஸ். நீங்க இஞ்ச..."

"இது எங்கட மச்சான்ர கடை."

"வேற பாமசியில கேக்கல்லயா?"

"மூண்டு கடை என்னைக் கேட்டது. சான்றிதழைச் சுவரில மாட்டிப்போட்டு வீட்ட இரிங்க, மாசா மாசம் காசு வரும் எண்டாங்க. ஆள் வேணாமாம். கடதாசி மட்டும் போதுமாம்." கத்தரிக்கோலை மேசையில் அடித்து வைத்தா. "நான் குடுக்கல்ல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அழுகை வந்தது. அவ அதைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"அழுறதுக்கா வந்தீங்க? எழுதுறதுக்கு இப்பயும் கை இரிக்குதானே?"

துணி சுற்றி வந்த மட்டையை ஒதுக்கி, பில் கொப்பிக்கு அடியிலிருந்து ஒற்றைத் தாள் எடுத்துப் போட்டா. ஒரு பேனை தந்தா. நான் நின்றபடியே எழுதினேன். அவ ஒரு பெண்ணுக்கு ரெண்டு முழம் துணி அளந்து கிழித்துக் கொடுத்துவிட்டு வந்து வாசித்தா.

"'எங்கள் கவனக்குறைவினால்' எண்டு எழுதி இரிக்கிறீங்க. எங்கள் எண்டா ஆரு? உங்கட அப்பாவா?"

"இல்ல மிஸ், ஒரு மரியாதைக்கு..."

"நீங்க சொல்லத் தொடங்கினீங்க. அவர் மணியை அமத்தினார். நடந்தது அதுதானே? நடந்ததை எழுதுங்க. இப்பிடிக் குடுத்தா இந்த ஒரு வரியைப் பிடிச்சிக்கிட்டு மிச்சத்தைக் குப்பையில போடுவாங்க. மருந்துப் பேரிலயும் ஒரு எழுத்துப் பிழை."

திரும்ப எழுதினேன். அதிலும் ஒரு திகதி பிழையாகிவிட்டது. மூன்றாம் தாளில்தான் அவ தலையை ஆட்டினா. நன்றி என்று ஒரு சொல் இல்லை. நான் தாளை மடித்தபோது கேட்டா:

"அப்பாக்குக் கொழுப்புக் குளிசை திரும்பத் தொடங்கினதா?"

"இல்ல மிஸ். ஆசுபத்திரியில கிளினிக் வந்து கேக்கச் சொன்னாங்க. எங்களுக்குப் பயம். கேக்கல்ல."

கடைக்குள் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஸ்டென்ட் வெச்ச மனிசனை ஒண்டும் இல்லாம வெச்சிரிக்கிறீங்களா? அண்டைக்குச் சிறுநீரகத்தோட போகாட்டி இனி நெஞ்சோட போகட்டும் எண்டா? ஒரு குளிசை ஒத்துவராட்டி வேற குளிசை இரிக்கு, குறைஞ்ச அளவு இரிக்கு, வேற சாதி மருந்தே இரிக்கு! இரத்தம் பாத்துப் பாத்துக் குடுப்பாங்க. அதை முடிவெடுக்கிறது டொக்டர். உங்கட பயம் இல்ல! எப்ப கிளினிக்?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை கேக்கிறீங்க. முழுப் பையும் கொண்டு போறீங்க. கேட்டுப்போட்டு எனக்குப் போன் எடுக்கிறீங்க. இந்த முறை எடுப்பீங்களா?"

"எடுப்பன் மிஸ்."

எடுத்தேன். கிளினிக் டொக்டர் வேறொரு கொழுப்புக் குளிசையை மிகக் குறைந்த அளவில் தொடங்கினார். மாசா மாசம் இரத்தம் பார்க்கிறார்கள். நாரி நோவுக்கு ட்ரமடோலை மெல்ல மெல்லக் குறைத்து, இப்போது வலிக்கிற நாளில் பனடோல் மட்டும். கடிதத்தை நானே சுகாதாரப் பகுதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பற்றுச்சீட்டும் வாங்கினேன். ரெண்டு தரம் போய்க் கேட்டுவிட்டேன். விசாரிக்கிறோம் என்கிறார்கள். மாமா என்னோடு கதைப்பதில்லை. அந்த டொக்டரின் வாசலில் பின்னேரங்களில் இப்போதும் சனம் சுவரோடு நிற்கிறது.

நேற்றும் காத்தான்குடிக்குப் போனேன். மூன்றாம் தரமும் கேட்கப் போகிறேன் என்று சொல்லத்தான் போனது. அவ ஒரு மனிசருக்குத் தலையணை உறைத் துணி அளந்துகொண்டு நின்றா. அந்த மனிசரின் சட்டைப் பைக்குள் ரெண்டு குளிசைக் காட் துருத்திக்கொண்டு நின்றது. அவவின் கண் அதில் போனது. வாய் திறந்தது. கல்லாவில் இருந்த மச்சான், "தாத்தா, துணியை மட்டும் பாருங்க" என்றார். அவ குனிந்து, துணியை நேராகக் கிழித்தா.